பிடி நழுவினால் அடுத்து என்ன?

சமூக ஊடகங்களில் வரும் ஜியு ஜிட்சு காணொளிகள் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒருவர் எதிராளியின் கையைப் பிடிப்பார், காலை மேலே போடுவார், பின்னால் சாய்வார். எதிராளி மெத்தையைத் தட்டுவார். அவ்வளவுதான். பார்க்க அழகாக இருக்கும்.

பயிற்சிக்கூடத்தில் நடப்பது வேறு. ஐந்து நிமிடச் சுற்று ஒன்றில் நான்கைந்து பிடிகளை முயன்றால், அவற்றில் ஒன்று கைகூடுவதே பெரிது. மற்றவை நழுவிவிடும். நழுவியபின் வரும் மூன்று, நான்கு விநாடிகளில்தான் அந்தச் சுற்றின் போக்கே மாறுகிறது. அந்த விநாடிகளைக் காணொளி எடுப்பவர்கள் வெட்டிவிடுகிறார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. இங்கு சேர்ந்த முதல் மாதத்திலேயே ஜியு ஜிட்சு மன்றத்தில் சேர்ந்தேன். என் எடை 51 கிலோ. என்னோடு பயிற்சி செய்பவர்களில் பெரும்பாலோர் என்னைவிடப் பத்து, இருபது கிலோ கூடியவர்கள். கடந்த சில மாதங்களாகப் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அடிப்படைகளைச் சொல்லித்தர உதவுகிறேன். அவர்களில் என்னைப்போல் எடை குறைந்தவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அக்கா, பிடி போட்டு அது தவறிப்போனால் நான் அடியில் மாட்டிக்கொள்வேனே?”

நியாயமான பயம்தான். அதற்குப் பதில் தெரியாததால், அவர்களில் சிலர் மாதக் கணக்கில் ஒரு பிடியைக்கூட முயல்வதில்லை. தற்காத்துக்கொண்டே சுற்றை ஓட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் துணிந்து ஒரு பிடியைப் போடுவார்கள். அது செத்துப்போன பிறகும் விடமாட்டார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பிடி தவறினால் பாதுகாப்பான நிலைக்குத் திரும்பிவரும் வழி அவர்களுக்குத் தெரியாது.

நிலை முதலில், பிடி பிறகு

பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. எதிராளியைத் தரைக்குக் கொண்டுவந்து, நல்ல நிலையைப் பிடித்து, மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ அவரைத் தட்டவைக்க வேண்டும். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914ல் பிரேசிலுக்குச் சென்றார். அவரிடமிருந்து கிரேசி குடும்பத்தினர் கற்று வளர்த்த கலை இது. 2018ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஜியு ஜிட்சு முதன்முறையாக இடம்பெற்றபோது, சிங்கப்பூரின் கான்ஸ்டன்ஸ் லியன் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதன் பிறகு இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட நண்பர்கள் எனக்குப் பலர்.

இதில் ‘நிலை’ என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் புள்ளி முறையே காட்டும். சர்வதேச பிரேசிலிய ஜியு ஜிட்சு கூட்டமைப்பின் விதிகளின்படி, எதிராளியைக் கீழே வீழ்த்தினால் 2 புள்ளிகள். கீழிருந்து அவரைப் புரட்டி மேலே வந்தால் 2. அவருடைய கால்களின் தடுப்பைக் கடந்து பக்கவாட்டில் அமுக்கினால் 3. நெஞ்சின்மேல் ஏறி உட்காரும் ‘மவுண்ட்’ நிலைக்கு 4, முதுகைப் பிடித்தால் 4. ஒவ்வொரு நிலையையும் 3 விநாடி தக்கவைத்தால்தான் புள்ளி.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் எதிராளியின் நெஞ்சின்மேல் இருக்கிறேன். 4 புள்ளிகள் என் பக்கம். அங்கிருந்து அவர் கையைப் பூட்ட வேண்டுமானால் பின்னால் சாய்ந்து படுக்க வேண்டும். பூட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. விழாவிட்டால்? பெற்ற புள்ளிகள் போகமாட்டா, ஆனால் மேலே இருந்த இடம் போய்விடும். நான் கீழே, அவர் மேலே. அவர் என் கால்களைக் கடந்து 3 விநாடி அமுக்கிவிட்டால் அவருக்கு 3 புள்ளிகள். ஒவ்வொரு பிடியும் இப்படிப்பட்ட ஒரு பேரம்தான். இடத்தைக் கொடுத்து வெற்றியைக் கேட்கிறோம். வெற்றி கிடைக்காதபோது, கொடுத்த இடத்தில் எவ்வளவை மீட்கிறோம் என்பதே கேள்வி.

பிடி செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மீள்வதற்கு முன்பு, மீள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது தெரிய வேண்டும். நம்மில் பலருக்குக் கடினமாக இருப்பது இதுதான்.

‘ஆர்ம்பார்’ எனப்படும் கைப்பூட்டை எடுத்துக்கொள்வோம். எதிராளியின் முழங்கை என் இடுப்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். என் இடுப்பு நெம்புகோலின் தாங்குபுள்ளி. என் முழங்கால்கள் இரண்டும் அவருடைய தோளை நெருக்கிப் பிடித்திருக்க வேண்டும். மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்து இடுப்பை உயர்த்தினால் முழங்கை நேராகி வலிக்கும். அவர் தட்டுவார்.

அவருடைய முழங்கை என் இடுப்பைத் தாண்டித் தரைப் பக்கம் வழுக்கிவிட்டால் தாங்குபுள்ளி போய்விட்டது. இனி எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது வெறும் கயிறு இழுக்கும் போட்டி. அவர் எழுந்து நின்று என்மேல் சாய்ந்து, என் முழங்கால்கள் என் காதருகே வருமளவுக்கு என்னை மடக்கிவிட்டால் அதுவும் முடிந்த கதை. என் இடுப்பை இனி உயர்த்த முடியாது. என் காலுக்கு அடியிலிருந்து அவர் தலை வெளியே வந்துவிட்டாலும் அப்படித்தான். இந்த மூன்றில் ஒன்று நடந்ததும், கையை விட்டுவிட்டு நிலையைத் தேட வேண்டும்.

‘கில்லட்டின்’ எனும் கழுத்து நெரிப்பில் அடையாளம் இன்னும் தெளிவானது. எதிராளி குனிந்து வரும்போது அவர் கழுத்தைக் கக்கத்தில் அணைத்து நெரிக்கிறோம். அவர் நம் கால்களைக் கடந்து பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் அந்த நெரிப்பில் சக்தி இல்லை. அப்போதும் கழுத்தைக் கட்டிக்கொண்டே இருந்தால் ஆட்டம் தலைகீழாகும். அவருடைய தோள் நம் கழுத்தின்மேல் இருக்கும். நம்முடைய கையே அந்தத் தோளை அங்கே இறுக்கிக் கட்டிவைத்திருக்கும். அவர் தோளை அழுத்தினால் போதும், தட்டப்போவது நாம்! இதற்கு ‘வான் ஃப்ளூ நெரிப்பு’ என்று பெயர். அமெரிக்க வீரர் ஜேசன் வான் ஃப்ளூவின் பெயரால் வழங்கும் பிடி இது. நாம் அவர் கழுத்தை விட்டால் இந்தப் பிடி நமக்கு விழாது.

திரும்பிவரும் வழி

எங்கள் பயிற்றுவிப்பாளர் இதை நான்கு சொற்களில் சொல்லித்தருவார்: பக்கம், கை, இடுப்பு, முழங்கால். வரிசை மாறக்கூடாது.

முதலில் பக்கம். முதுகு முழுவதும் தரையில் படும்படி மல்லாந்து கிடக்கக்கூடாது. அப்படிக் கிடப்பவரை அமுக்குவது எளிது. உடனே எதிராளியைப் பார்த்தபடி ஒருக்களித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கை. முன்னங்கை ஒன்றை அவருடைய கழுத்து எலும்பின்மீதும் மற்றொன்றை அவருடைய இடுப்பின்மீதும் வைக்க வேண்டும். இதை ‘ஃபிரேம்’ என்போம். தசை பலத்தால் தள்ளுவதற்கு அல்ல இது. வீட்டுக்கு விட்டம் முட்டுக்கொடுப்பதைப்போல் எலும்பால் முட்டுக்கொடுப்பது. தள்ளினால் சீக்கிரம் களைத்துப்போவோம். முட்டுக்கொடுத்தால் 51 கிலோ உள்ளவராலும் 75 கிலோவைச் சில விநாடிகள் நிறுத்திவைக்க முடியும். நமக்குத் தேவை அந்தச் சில விநாடிகள்தான்.

மூன்றாவது இடுப்பு. அவரை நகர்த்த முயல வேண்டாம், நாம் நகர வேண்டும். காலை ஊன்றி இடுப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதற்கு ‘ஷ்ரிம்ப்’ என்று பெயர். இறால் உடலை வளைத்துத் துள்ளுவதைப்போல் இருக்கும். எல்லா ஜியு ஜிட்சு வகுப்பிலும் உடற்பயிற்சியாகச் செய்யவைக்கும் அசைவு இது. புதியவர்கள் சலித்துக்கொண்டு செய்வார்கள். அது எதற்கென்று இங்கேதான் புரியும்.

கடைசியாக முழங்கால். இடுப்பை நகர்த்தியதால் உண்டான இடைவெளியில் முழங்காலை நுழைத்து, பாதத்தை அவருடைய இடுப்பில் வைத்துவிட்டால் நம் கால்கள் மறுபடியும் அவருக்கும் நமக்கும் நடுவே வந்துவிட்டன. இதுதான் ‘கார்டு’. கீழே இருந்தாலும் பாதுகாப்பான நிலை. இங்கிருந்து மீண்டும் தாக்கலாம்.

கைப்பூட்டை நெஞ்சின்மேல் இருந்து முயன்று தவறவிட்டால் இன்னும் சுருக்கமான வழி உண்டு. அவர் முழங்கையைக் கீழே வழுக்கவிட்டு என் பக்கம் திரும்பி எழும்போது, அவருடைய சட்டைக் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, முகத்தின்மேல் இருந்த காலைக் கீழே இறக்கி, இரு கால்களாலும் அவர் இடுப்பைச் சுற்றிப் பூட்டிவிடலாம். மேலிருந்து கீழே வந்துவிட்டேன் என்பது உண்மைதான். ஆனாலும் அமுக்கப்படவில்லை.

சில நேரம் ஒரு பிடியின் தோல்வியே அடுத்த பிடியின் தொடக்கமாகவும் இருக்கும். கார்டிலிருந்து போட்ட கைப்பூட்டிலிருந்து அவர் கையை வெடுக்கென்று உருவிக்கொள்கிறார் என்று வையுங்கள். என் ஒரு கால் இன்னும் அவர் கழுத்தின்மேல் இருக்கிறது. அவருடைய ஒரு கை உள்ளே, மற்றது வெளியே. கால்களால் கழுத்தை நெரிக்கும் ‘டிரையாங்கிள்’ பிடிக்கு வேண்டியது இந்த அமைப்புத்தான். அவர் தப்பிக்கச் செய்த அசைவே அதை அமைத்துத் தந்துவிட்டது.

இது எதுவும் முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்றால் முழங்கைகளையும் முழங்கால்களையும் ஒன்றாக ஒடுக்கிக் கழுத்தை மறைத்து ஆமைபோல் குப்புறக் குறுகிக்கொள்ளலாம். நல்ல நிலை என்று சொல்லமாட்டேன், முதுகைப் பிடிக்க வருவார்கள். ஆனால் மல்லாந்து அமுங்கிக் கிடப்பதைவிட அங்கிருந்து எழுந்திருக்க வழி அதிகம்.

போன பருவத்தில் ஒரு நாள் எங்கள் மன்றத்து மூத்தவர் ஒருவரோடு சுற்று. அவர் எடை 75 கிலோ. டிரையாங்கிள் போட்டேன். அவர் முதுகை நிமிர்த்தி எழத் தொடங்கினார். கணுக்காலைப் பூட்டியிருந்த என் கால் விலகுவது தெரிந்தது. விட்டுவிட்டேன். பாதத்தை அவர் இடுப்பில் வைத்தேன், சட்டைக் கையைப் பிடித்தேன். தப்பிக்கும் அவசரத்தில் அவர் சமநிலை தவறியிருந்தார். அப்படியே அவரைப் புரட்டி மேலே வந்தேன். டிரையாங்கிளைக் கட்டிக்கொண்டு தொங்கியிருந்தால் அந்த 2 புள்ளிகள் கிடைத்திருக்காது.

விடாமல் பிடிப்பதன் விலை

2004ல் ஜப்பானில் நடந்த ‘பிரைட்’ கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி ஒன்றைப் பழைய காணொளியில் பார்க்கலாம். பிரேசிலின் ரிக்கார்டோ அரோனா கீழிருந்து டிரையாங்கிள் போட்டிருந்தார். அமெரிக்காவின் குவின்டன் ஜாக்சன் அவரை அப்படியே தலைக்கு மேலே தூக்கித் தரையில் அறைந்தார். அரோனா நினைவிழந்தார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஜியு ஜிட்சு போட்டிகளில் இப்படித் தூக்கி அறைவதற்குத் தடை உண்டு; செய்தால் தகுதிநீக்கம். இருந்தாலும், எதிராளி நம்மைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் பிடியைவிட நம் தலை முக்கியம் என்பது எந்தக் களத்துக்கும் பொருந்தும்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் ஒன்று இருக்கிறது. 2019 மார்ச் 31ஆம் தேதி தோக்கியோவில், சிங்கப்பூரைப் பிரதிநிதித்த ஏஞ்சலா லீ, ஒன் சாம்பியன்ஷிப் போட்டியில் ஓர் எடைப்பிரிவு மேலே சென்று சீனாவின் சியோங் ஜிங்நானுடன் மோதினார். நான்காம் சுற்றில் லீ போட்ட கைப்பூட்டில் சியோங்கின் கை நன்றாகவே சிக்கியது. பார்த்தவர்கள் ஆட்டம் முடிந்ததென்றே நினைத்தார்கள். சியோங் தட்டவில்லை, தப்பித்தார். ஐந்தாம் சுற்றில் சியோங்கின் தாக்குதலால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். லீ தோற்றார்.

அதே ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி, அதே நகரில், லீயின் எடைப்பிரிவில் இருவரும் மீண்டும் மோதினார்கள். இம்முறையும் ஐந்தாம் சுற்றுவரை சென்றது. சுற்று முடிய 12 விநாடிகளே இருந்தபோது லீ பின்புறமிருந்து கழுத்தை நெரித்து வென்றார். இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி புதியவர்களிடம் சொல்வேன். எவ்வளவு திறமையானவரின் பிடியும் நழுவலாம் என்பதை முதலாவது காட்டும். கடைசிச் சில விநாடிகளிலும் ஒரு பிடி போடத் தேவையான நிலையும் தெம்பும் மிச்சமிருக்க வேண்டும் என்பதை இரண்டாவது காட்டும்.

எப்போது விடக்கூடாது?

எங்கள் மன்றத்தில் எல்லாரும் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. போட்டி அனுபவம் நிறைந்த ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “நீ சீக்கிரம் விட்டுவிடுவாய் என்று தெரிந்தால், உன் பிடிக்கு யாரும் பயப்படமாட்டார்கள். புள்ளியில் பின்தங்கியிருக்கிறாய், இருபது விநாடிதான் மிச்சம் என்றால் விடாதே. விட்டுவிட்டு நிலையைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறாய்?”

அவர் சொல்வது சரி. வெள்ளைப் பட்டைக்காரர்களின் ஆட்டம் 5 நிமிடம். முதல் நிமிடத்தில் செய்யும் முடிவும் கடைசி நிமிடத்தில் செய்யும் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது. தேர்வில் ஆறு மதிப்பெண் கணக்கு ஒன்று வராதபோது தாளின் தொடக்கத்தில் என்றால் அடுத்ததற்குப் போகிறோம்; கடைசிப் பத்து நிமிடத்தில் மற்றவையெல்லாம் முடிந்திருந்தால் அதோடுதான் மல்லுக்கட்டுகிறோம். இங்கும் அப்படித்தான். பிடி செத்துவிட்டதா, இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்துவிட்டால், மிச்சமிருக்கும் நேரத்தில் நிலை எனக்குப் பயன்படுமா என்று கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த அக்காவும் விட்டுக்கொடுக்கமாட்டார். மடக்கப்பட்டு, உடல் எடையெல்லாம் கழுத்தின் பின்புறத்தில் இறங்கத் தொடங்கினால் எத்தனை விநாடி மிச்சமிருந்தாலும் பிடியை விட வேண்டும். வெளியே வர முடியாவிட்டால் தட்டிவிட வேண்டும். பிடி போட்டவரும் தட்டலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

தோற்ற பிடியிலிருந்து ஒரு பயிற்சி

இதை நீங்களும் உங்கள் மன்றத்தில் செய்து பார்க்கலாம். பயிற்றுவிப்பாளர் மேற்பார்வையில் செய்யுங்கள். காணொளியை மட்டும் பார்த்து வீட்டில் தம்பி தங்கையிடம் முயல வேண்டாம்.

இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் கைப்பூட்டு போட்டு, அது ஏற்கெனவே தவறிவிட்ட நிலையில் தொடங்குங்கள். அதாவது எதிராளியின் முழங்கை வழுக்கிவிட்டது, அவர் மேலே வந்துகொண்டிருக்கிறார். மேலே இருப்பவரின் இலக்கு, பக்கவாட்டில் வந்து 3 விநாடி அமுக்குவது. கீழே இருப்பவரின் இலக்கு, இரண்டு கால்களையும் நடுவே கொண்டுவருவது. ஒரு நிமிடம், பிறகு இடம் மாறுங்கள். தொடக்கத்தில் பாதி பலம் போதும். கில்லட்டின், டிரையாங்கிள் இரண்டையும் இதேபோல் தோற்ற இடத்திலிருந்து தொடங்கலாம்.

இதில் யாரும் யாரையும் தட்டவைப்பதில்லை. அதனால் முதலில் சலிப்பாக இருக்கும். ஆனால் மூன்று, நான்கு வாரங்கள் செய்தவர்களிடம் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். பிடி நழுவியதும் முகத்தில் தெரியும் பதற்றம் குறைகிறது. மூச்சு சீராக இருக்கிறது. கைகள் தாமாகவே முட்டுக்கொடுக்கப் போகின்றன.

பிடி தவறினால் மாட்டிக்கொள்வேனே என்று கேட்ட தங்கைகளில் ஒருவர் உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறார்; எங்கள் திறந்த வகுப்புக்கு வாரம் இருமுறை வருவார். எடை 46 கிலோ. ஐந்து மாதம் ஒரு பிடியும் முயலாதவர். சென்ற வாரம் ஒரே சுற்றில் மூன்று முறை கைப்பூட்டு முயன்றார். மூன்றும் தவறின. மூன்று முறையும் கால்களை நடுவே கொண்டுவந்துவிட்டார். சுற்று முடிந்ததும் வியர்வையைத் துடைத்தபடி அவர் கேட்டது, “அக்கா, நாலாவதாக எதை முயலலாம்?”